பாலில் ஊறிய செங்கல்

அன்று காலை முதலே கடுகுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடுகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது பத்து. ஆள் சின்னது, வாய் பெரியது.

அவளுடைய அம்மா பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டவர். மூன்று மாதமாகப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றுதான் அம்மா முதல் தடவையாகத் தனியாக ஓட்டப் போகிறார்.

அம்மா சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். காலைச் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

"கை நடுங்குதுடி கடுகு" என்றார்.

"அம்மா, நீ போய் ஓட்டு. ஆறு மணிக்கு வரும்போது என் கையால செஞ்ச பிஸ்கட் மேஜை மேல இருக்கும்."

"உனக்கு பிஸ்கட் செய்யத் தெரியுமா?"

"இன்னைக்குத் தெரியும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. கை நடுங்கும்போதெல்லாம் அந்த பிஸ்கட்டை நினைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வாக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்தாகிவிட்டது. இனி செய்ய வேண்டும்.

பள்ளிச் சமையல்கார அக்கா சொன்ன கணக்கு அவளுக்கு மனப்பாடம். மாவு மூன்று கிண்ணம், வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று. வீட்டில் இருந்த வெண்ணெய் சரியாக இரண்டு கிண்ணம்தான். தப்பு செய்தால் மறுபடி செய்ய ஒரு துளிகூட மிச்சம் இல்லை.

மதியம் சாப்பிட்டதும் வேலை தொடங்கியது. தம்பி பூசணி முக்காலி மேல் ஏறி நின்றான். ஆறு வயது. முன்பல் ஒன்று ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடுவதுதான் அவனுடைய முழுநேர வேலை.

அப்பாவும் வந்தார். அவர் கொத்தனார். போட்ட தளம் காய வேண்டும் என்பதால் அன்று அவருக்கு வேலை இல்லை. சும்மா இருந்து பழக்கமும் இல்லை.

"மூணு, ரெண்டு, ஒண்ணா? பூச்சு வேலைக்குக் கலவை போடுற மாதிரி இருக்கே" என்றார். "தண்ணி எவ்வளவு?"

"தண்ணியே கிடையாதுப்பா. வெண்ணெயே போதும்."

"தண்ணி இல்லாத கலவையா?" அப்பா வெண்ணெய் கலந்த மாவைக் கையில் அள்ளிப் பார்த்தார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. "பொட்டு ஈரம் இல்ல. யாரு சொன்னா இந்தக் கணக்கை?"

"சமையல்கார அக்கா."

"அவங்க எத்தனை வீடு கட்டியிருக்காங்க?"

கடுகு பதில் சொல்வதற்குள் வெளியே மழை சடசடத்தது. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவளும் பூசணியும் மாடிக்கு ஓடினார்கள்.

சும்மா இருக்கும் கொத்தனாரிடம் கலவையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

துணியோடு திரும்பி வந்தபோது மாவு வழவழவென்று பந்து போல உருண்டு கிடந்தது.

"எப்படிப்பா இவ்வளவு அழகா வந்துச்சு?"

"அழுத்திப் பிசைஞ்சேன். கை வேலைம்மா, கை வேலை" என்றார் அப்பா, சன்னலைப் பார்த்துக்கொண்டே.

மாவைத் தட்டையாகத் தேய்த்தார்கள். அப்பா அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். எல்லாத் துண்டும் இரண்டு விரல் நீளம், ஒரு விரல் அகலம். ஒன்று கூடக் கோணல் இல்லை. பூசணிக்கு மட்டும் வட்டம்தான் வேண்டுமாம். மிச்ச மாவில் பாட்டில் மூடியை அழுத்தி நான்கு வட்டம் போட்டான்.

அடுப்பில் அடிகனமான பெரிய பாத்திரம். அதற்குள் ஒரு கை உயரத்துக்கு மணல். மணல் சுட்டதும் அதன் மேல் தட்டு. மேலே மூடி, மூடி நகராமல் இருக்க ஒரு செங்கல். இந்த வேலையில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கால் மணி நேரத்தில் வாசனை கிளம்பியது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வேகும் வாசனை. பூசணி பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடுகு கடிகாரத்தைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று தட்டு வெந்து முடிய மூன்று மணி ஆனது. எல்லாம் பொன்னிறம். கடைச் சன்னலில் வைக்கலாம், அப்படி ஒரு அழகு.

"முதல் துண்டு எனக்கு" என்று பூசணி ஒன்றை எடுத்துக் கடித்தான்.

கடக்.

அவன் கண் விரிந்தது. வாயைத் திறந்தான். உள்ளங்கையில் பல் விழுந்தது. பிஸ்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, பல்லு விழுந்துடுச்சு" என்று அவன் குதித்தான். "ஒரே கடில. இன்னொண்ணு குடு, பக்கத்துப் பல்லும் போகட்டும்."

கடுகு குதிக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை மேஜையில் தட்டினாள். மேஜைதான் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், அப்படி ஒரு சத்தம். வெண்ணெய் தீர்ந்துவிட்டது. அம்மா இந்நேரம் எந்தத் திருப்பத்தில் இந்த பிஸ்கட்டை நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

எங்கே தப்பு? அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர்ச் சொம்பு கண்ணில் பட்டது. அதன் மேல் காய்ந்த மாவு. அந்த மாவில் ஐந்து விரல் அச்சு. தடித்தடியான விரல்கள்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு விரிசல் இருக்கு. பூசணும்" என்றார்.

அங்கே விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை.

கடுகுக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தாள். அப்போதுதான் அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்தப் பெரிய கை சட்டை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. காலையில் அம்மாவின் கை பொத்தானோடு பட்ட பாடு போலவே.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொம்பை எடுத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். மெல்ல மேஜைக்கு வந்தார். இரண்டு பிஸ்கட்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். டங் என்று மணி போலக் கேட்டது.

"நல்லா வெந்த கல்லு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கிய பழக்கம்.

கடுகு நிமிர்ந்தாள். "அப்பா, நல்லா வெந்த கல்லை அப்படியே வெச்சுக் கட்டுவீங்களா?"

"அதெப்படி? காஞ்ச கல்லு சாந்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிடும். முதல்ல தண்ணில ஊறப்..." அப்பா பாதியில் நிறுத்தினார்.

"பால்ல ஊறப் போட்டா?" என்றாள் கடுகு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவின் மீசை மெல்ல மேலே போனது.

"சாந்துக்கு என்னம்மா பண்றது?"

"பாலு, சர்க்கரை, கோகோ தூள், கொஞ்சம் சோள மாவு. காய்ச்சினா கெட்டியாயிடும்."

"இதுலயாவது தண்ணி உண்டா?"

"அப்பா."

"சும்மா கேட்டேன்மா. நான் தள்ளியே நிக்கறேன். எத்தனை மாடி வீடு கட்டணும்?"

"வீடு இல்லப்பா. பஸ்."

"நான் வீடு கட்டுறவன்டி. பஸ் எனக்கு வராது."

"நாலு பக்கம் சுவர் எழுப்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வேலை பறந்தது. கடுகு சாந்து காய்ச்சினாள். பூசணி ஒவ்வொரு பிஸ்கட்டாகச் சூடான பாலில் முக்கி எண்ணிக் கொடுத்தான். பத்து வரை எண்ணினால் போதும் என்று கடுகு சொல்லியிருந்தாள். அவனுக்கு ஏழுக்கு அப்புறம் நேராக ஒன்பதுதான் வரும். கல் கெட்டுப்போகவில்லை.

அப்பா தன்னுடைய கரணையைத் தேடினார். "சிமென்ட் பூசுற கரணையெல்லாம் இங்க வேண்டாம்" என்று கடுகு அவர் கையில் ஒரு கரண்டியைத் திணித்தாள். அதை வைத்தே அவர் சாந்தைப் பூசினார். மேல் வரிசைக் கல் கீழ் வரிசையின் இணைப்பு மேல் வந்து உட்கார்ந்தது. நூலில் ஒரு பொத்தானைக் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்றும் பார்த்தார். உள்ளே பாலில் ஊறி உடைந்த பிஸ்கட்டும் மிச்சச் சாந்தும் நிரப்பினார்கள்.

சன்னல் வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கடுகு ஒரு உலர்திராட்சை ஒட்டினாள். அவர்கள்தான் பயணிகள். முன்னால் விளக்குக்குத் தன் பல்லை வைக்கலாம் என்று பூசணி சொன்னான். அந்த யோசனையை யாரும் ஏற்கவில்லை. கடைசியில் அவனுடைய நான்கு வட்டமும் நான்கு சக்கரமாயின. நாலரை மணிக்குப் பேருந்து ஃபிரிட்ஜுக்குள் ஏறியது.

ஆறு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். மூவரும் மேஜைக்கு முன்னால் சுவர் போல நின்றார்கள்.

அம்மா உள்ளே வந்தார். முகம் களைத்திருந்தது, கண் மட்டும் பளபளத்தது. "ஓட்டிட்டேன்" என்றார். "பாலத்துக்கிட்ட ஒரு பெரிய திருப்பம். கை நடுங்கிச்சு. பிஸ்கட், பிஸ்கட்னு சொல்லிக்கிட்டே திருப்பினேன். பின்னால இருந்த ஒருத்தர், பசிக்குதாம்மான்னு கேட்டுட்டார். எங்கடி என் பிஸ்கட்?"

மூவரும் விலகினார்கள்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். கையில் இருந்த பை கீழே இறங்கியது. மெதுவாகப் பேருந்தைச் சுற்றி வந்து பயணிகளை எண்ணினார்.

"டிக்கெட் எடுத்தாங்களா இவங்கல்லாம்?" என்றார்.

பின்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மெல்லவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "இவ்வளவு மெத்துனு எப்படிடி வந்துச்சு?"

கடுகு வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். "அது கல்லு மாதிரி இருந்துச்சு. நான்தான் திருட்டுத்தனமா மாவுல தண்ணி ஊத்திட்டேன். இவ ஒரு வார்த்தை திட்டல. யோசிச்சு இப்படிப் பண்ணிட்டா."

"நெனச்சேன்" என்றார் அம்மா. "உங்க கையில கலவையைக் குடுத்தா தண்ணி ஊத்தாம இருப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசணி ஒரு சக்கரத்தைக் கழற்றி அம்மா வாயில் வைத்தான். அதை மட்டும் யாரும் பாலில் முக்கியிருக்கவில்லை.

கடக்.

அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"சக்கரம் கெட்டியாத்தாம்மா இருக்கணும்" என்றாள் கடுகு. "டிரைவர், உனக்குத் தெரியாதா?"