பதினோரு நிமிடப் பதிவு

அவளுடைய ஒலிப்பதிவு மட்டும் பதினோரு நிமிடம் இருந்தது. அன்று அடிக்க வந்த மற்ற பதிவுகள் எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஸ்கேன் மையத்தில் அவள் ரிப்போர்ட் அடிப்பவள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிப் பதிந்து வைத்ததை ஹெட்போனில் கேட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். மேசைக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். ஆறு வருடமாக அவரைக் காலாலேயே பேச வைத்துக்கொண்டிருக்கிறாள். நேரில் பார்த்தால் ஒரு தலையசைப்போடு சரி.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். அது ஈரம் குடித்துக் குடித்து, யாரோ நெடுநாள் நோயில் கிடந்த மெத்தையின் வாடையை எந்நேரமும் விட்டுக்கொண்டிருந்தது. கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா வெளியே தாழ் போட்டுவிடுவாள். உள்ளிருந்து மூன்று தட்டுத் தட்டினால் வந்து திறப்பாள். அதுதான் வழக்கம்.

காலையில் அக்கா வெந்நீர்ப் பையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"இன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சா?"

"நாலு மணிக்கே எழுப்பி விட்டுடுச்சு."

"மூணு நாள் முன்னாடி உனக்கு ஸ்கேன் எடுத்தாரே, ஏதாச்சும் சொன்னாரா?"

"ரிப்போர்ட்ல பாத்துக்கோம்மான்னுட்டாரு."

"அடிப்பாவி, அந்த ரிப்போர்ட்டையே நீதானேடி அடிக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தது அடிவயிற்றில் போய் இழுத்தது. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மேனேஜர் உன்னைக் கேட்டாரு. மாசாமாசம் மூணு நாள் லீவு போடுறதுக்குக் காகிதத்துல ஒரு காரணம் வேணுமாம். இல்லன்னா வேற ஆள் பாத்துக்குவாராம்."

"இந்தத் தடவை வரும்க்கா."

வர வேண்டும். பதினேழு வருட வலி, நான்கு டாக்டர்கள். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்: நார்மல். குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தவளைப் பார்த்து அம்மாகூட, "ஊர்ல பொம்பளைங்களுக்கு இல்லாத வலியா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு கட்டி இருந்துவிட்டால்கூடப் போதும் என்று அவள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

மற்றவர்களுடையதை எல்லாம் முடித்துவிட்டு, தன்னுடையதைக் கடைசியில் எடுத்தாள். மணி ஒன்று. "சாப்பிட்டு வந்துடறேன்டி" என்று அக்கா தாழைப் போட்டுவிட்டுப் போனாள்.

மிதித்தாள்.

"யூட்ரஸ் நார்மல். ஓவரி ரெண்டும் நார்மல். குறிப்பிட ஒண்ணும் இல்லை."

முப்பது விநாடி. அவ்வளவுதான். மேனேஜரின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்திருப்பார். அல்லது, மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது சொல்லியிருப்பார். காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மின்விசிறி இரைச்சல் என்றுதான் நினைத்தாள். பிறகு அதற்குள் ஒரு தாளம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ நனைந்த கம்பளியை நிதானமாக அடித்துத் துவைப்பது போல, கனமாக, ஈரமாக. அதன் மேல் இன்னொரு சத்தம். பிழிகிற சத்தம். அது கேட்ட அதே கணத்தில் அவளுடைய அடிவயிறு முறுக்கிக்கொண்டது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கால் பெடலிலிருந்து நழுவியது.

சத்தம் நின்றது. வலியும் நின்றது.

பதினேழு வருடத்தில் அது அப்படி நின்றதே இல்லை. தேய்ந்து தேய்ந்துதான் போகும். இது விளக்கை அணைத்தது போல இருந்தது. மெதுவாக மிதித்தாள். பிழிந்தது. எடுத்தாள். ஒன்றுமில்லை. மிதித்தாள். பற்கள் கிட்டித்துக்கொண்டன.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மீதி ஒன்பது நிமிடத்தில் ஒரு வரி கிடைத்தாலும் போதும். கேட்டால்தான் எழுத முடியும். உதட்டைக் கடித்துக்கொண்டு காலை அழுத்தினாள்.

ஐந்தாவது நிமிடத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல ஒரு குரல்.

"...நீதானேடி அடிக்கணும்."

அக்காவின் குரல். இன்று காலை பேசியது. பதிவோ மூன்று நாள் பழையது.

அடுத்து ஒரு சிரிப்பு. அவளுடையது. அது தூரத்தில் இல்லை. நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டு, சுவர்களே சிரிப்பது போலக் கேட்டது. பிறகு கீபோர்டின் டக் டக். பிறகு தாழ் விழும் சத்தம்.

காலை எடுத்தாள்.

நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள். ஒயரைப் பிடுங்கினாள். தாளம் நிற்கவில்லை. பிழிவதும் நிற்கவில்லை. குனிந்தபடியே கதவுக்குப் போய்ச் சேர்ந்தாள். தட்டினாள். மூன்று முறை.

"அக்கா."

யாரும் வரவில்லை.

கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து மூன்று தட்டு கேட்டது. மந்தமாக. சதைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பது போல.

பிறகு அவளுடைய குரல்: அக்கா.

கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கைகளை விரித்துக் கதவில் பதித்துக்கொண்டாள். அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

பிழிவது நின்றது.

இடம் தேடுவது போல ஏதோ நகர்ந்தது.

தொப்புளுக்குக் கீழே துணி எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

மூன்று முறை. வழக்கப்படி.

பிறகு காத்திருந்தது.

கழுத்தருகே டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நார்மல்," என்றார். "குறிப்பிட ஒண்ணும் இல்லை."