அவசரப்பட்ட இலை

நண்டுவின் அம்மாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு. மற்ற ஆறு நாளும் சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போடுவாள். லீவு நாளில் ஓடைக்குப் போய்த் தூண்டில் போட்டுவிட்டால் போதும், கால்வலி போன இடம் தெரியாது.

போன லீவை மழை தின்றுவிட்டது. அதற்கு முந்தின லீவையும்தான். இன்று காலையில் பளிச்சென்று வெயில் அடித்ததும், "கிளம்புங்கடா!" என்றாள் அம்மா.

நண்டு பத்து வயதுப் பெண். எந்நேரமும் ஈரத்திலேயே கிடப்பதால் அந்தப் பெயர். தம்பி பட்டாணிக்கு ஐந்து வயது.

மழைக்குப் பிறகு ஓடையில் இறங்க அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். மரப்பாலத்திலிருந்து ஓர் இலையைப் போட வேண்டும். கீழே இருக்கும் தட்டைப் பாறையை அது தாண்டுவதற்குள் இருபது எண்ண முடிந்தால், பாறைக்குப் போய் உட்காரலாம். பத்துக்குள் தாண்டிவிட்டால், தண்ணீரில் காலே வைக்கக் கூடாது.

வழக்கமாக எண்ணுவது நண்டு. இன்று பட்டாணி விடவில்லை.

"நான்தான் எண்ணுவேன்! எனக்கு இருபது வரைக்கும் வந்துடுச்சு!"

அந்த வாரம்தான் கற்றிருந்தான். சரி, ஆசைப்படுகிறானே என்று நண்டு இலையை மட்டும் போட்டாள்.

"ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சு..." பட்டாணி மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினான். இலை பாறையைத் தாண்டவும் அவன் "இருபது!" என்று கத்தவும் சரியாக இருந்தது.

கரையில் தூண்டிலுக்கு முள் கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது.

"அப்படிப் போடு, என் ராசா!" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நண்டு குனிந்து ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் பழுப்பாக, பாறையை இடித்துக்கொண்டு ஓடியது. பக்கத்தில் பட்டாணியோ நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"இறங்கிடாதம்மா! இன்னும் ஒரு இலை பாக்கி இருக்கு!"

"எதுக்குடி? அதான் இருபதுன்னானே?"

"எனக்கும் ஒரு ஆட்டம் வேணும்."

"பொறாமை!" என்றான் பட்டாணி.

"ஆமா, பொறாமைதான். இப்ப நீ இலையைப் போடு."

அவன் போட்டான். அம்மா எண்ணுவதைப் போலவே நண்டு நிறுத்தி, நிதானமாக எண்ணினாள். ஏழு எண்ணும்போதே இலையைக் காணோம்.

"ஏழு!"

அம்மா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். தண்ணீரை இப்போதுதான் நன்றாகப் பார்த்தாள்.

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "நான் தப்பா எண்ணிட்டேனா?"

"நீ ஒரு நம்பர்கூட விடலடா. இலைதான் அவசரப்பட்டுச்சு. அது ஓடின ஓட்டத்துல நீயும் கூடவே ஓடிட்ட."

"அப்ப யாரு ஜெயிச்சது?"

"நீதான். அதுக்கு எண்ணவே தெரியாதே!"

பிதுங்கிய உதடு உள்ளே போய்விட்டது.

அம்மா பாலத்துக்கு ஏறி வந்து நண்டுவின் தலையைத் தடவினாள். "சரி, மூட்டையைக் கட்டுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருக்குமே, அதே குரல். நண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடையையே பார்த்தாள். நுரை, சருகு, குச்சி எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. ஆனால் கரையோரம் ஒரு மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் இலை, போகிற எண்ணமே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, அங்க பாரேன்! அந்த மூலையில தண்ணி ஓடவே இல்ல."

அம்மா எட்டிப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "அட! இந்த வேகத்துல நீந்தி நீந்தி மீனுக்கும் அலுத்திருக்கும். அங்கதான் ஒதுங்கியிருக்கும். ஆனா மேட்டுல உக்காந்துதான் தூண்டில் போடணும். ஒருத்தரும் கீழ இறங்கக் கூடாது."

மேட்டுக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் எட்டாத மண்ணில் அம்மா ஒரு குச்சியை நட்டாள். "பட்டாணி, தண்ணி இதைத் தொட்டா உடனே சொல்லணும். நீதான் காவல்."

"எனக்குத் தொப்பி வேணும்" என்றான் காவல்காரன். அம்மா மீன் கூடையைக் கவிழ்த்து அவன் தலையில் வைத்தாள்.

அரை மணி நேரம் போனது. தண்ணீர் குச்சிப் பக்கமே வரவில்லை. அம்மா மேட்டில் நின்ற ஒரு மரத்தில் சாய்ந்து காலை நீட்டினாள். கையில் தூண்டில் இருக்க, கண் தானாக மூடிக்கொண்டது.

தூண்டில் கயிற்றில் மிதந்த தக்கை குபுக்கென்று முங்கியது.

"அம்..."

நண்டு அவன் வாயைப் பொத்தினாள். "உஷ்! தூங்கட்டும்டா, பாவம்."

அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூண்டிலை எடுத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளங்கை அகல மீன் ஒன்று புல்லில் வந்து துள்ளியது. அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே துள்ளினார்கள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் சிரித்தது.

"நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்ததையும் நீங்களே பிடிங்க."