பகலில் தூங்கிய மரம்

தூங்குமூஞ்சி மரம் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தது.

மணிமொழி முதலில் பழியை மேகத்தின் தலையில் போட்டாள். ஐப்பசி பிறந்தாகிவிட்டது, மழை இன்றோ நாளையோ என்று மப்பு கட்டி நிற்கிறது, வெளிச்சம் குறைந்தால் இந்த மரம் இலையை மூடிக்கொள்ளும். மூன்று வருஷம் தாவரவியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து பங்களாவில், இதே உயரத்தில் இதே பருமனில் இன்னொரு தூங்குமூஞ்சி அதே மேகத்துக்குக் கீழே அத்தனை இலையையும் விரித்துப் போட்டுக்கொண்டு நின்றது. இங்கே மட்டும் ஓர் இலை பாக்கியில்லாமல் இரண்டிரண்டாக மூடி, காம்போடு துவண்டு தொங்கியது. மூட்டை முடிச்சைக் கட்டி வைத்துவிட்டு, வண்டிக்காகக் காத்திருக்கும் குடும்பம் மாதிரி இருந்தது அந்த மரம்.

"இன்னா மணி, வானத்த பாத்துகினு நிக்கிற? கவுத்த சுத்து," என்றான் செம்பியன். அவளுடைய அண்ணன். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, மிஷின் ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஏறுவான், தங்கை கயிறு பிடிப்பாள். அதுதான் அவர்கள் தொழில். கோபாலபுரம், மயிலாப்பூர், அடையாறு என்று எந்த வீட்டில் கிளை மாடியில் உரசினாலும் மணிமொழியின் போனுக்குத்தான் அழைப்பு வரும். பட்டம் வாங்கிய கையோடு ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள், ஒருத்தனும் சொல்லி அனுப்பவில்லை. சீ போ என்று அண்ணனோடு இறங்கிவிட்டாள். அவன் பெல்ட்டிலிருந்து புறப்படும் கயிறு உச்சியில் ஒரு கவட்டையில் ஏறி இறங்கி, அடிமரத்தை இரண்டு சுற்று சுற்றி அவள் கைக்கு வரும். ரம்பம் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது, அதனால் கயிறுதான் பேசும். ஒரு சுண்டு சுண்டினால் தளர்த்து. இரண்டு, இறுக்கு. மூன்று, இறக்கு.

அவன் மரத்தில் கை வைத்துக்கொண்டு திரும்பினான். "நேத்தே சொல்ட்டல்ல?"

"சொல்ட்டேன்."

"முயுசா?"

"சொல்ட்டேன்றேன்ல. ஏறு, மய வரப்போவுது."

முழுசாகச் சொல்லவில்லை.

கத்தி வைப்பதற்கு முந்தின நாள் ஒருத்தர் வந்து அடிமரத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆட்களின் வழக்கம். இதில் குடியிருப்பது காக்காயோ அணிலோ வேறு எதுவோ, நாளைக்கு இந்த மரத்தில் கை வைக்கப் போகிறோம், வேற எடம் பாத்துக்குங்க. அதோடு நிறுத்தக் கூடாது. எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். கோயில் அரசமரமோ, பூங்காவில் நிற்கும் ஆலமரமோ, ஏதோ ஒன்று. இடத்தைக் காட்டாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது.

நேற்று வேலை பேச வந்தபோது மணிமொழி மரத்தைத் தொட்டாள். முதல் பாதியைச் சொன்னாள். அப்போது மாடி பால்கனியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, மரத்துகிட்ட என்னத்தப் பேசுதே? நாலு கொப்பு வெட்டதுக்கு மந்திரமா?"

வீட்டுக்காரம்மா சண்முகவடிவு. தி.நகரில் பாத்திரக்கடை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மகன் கடையில் இருக்க, பகலெல்லாம் இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். மணிமொழிக்குக் காதுமடல் சுட்டது. தணலைத் தொட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டு, "அளவு பாத்தேம்மா," என்றாள். மீதிப் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அறிவியல் படித்தவள்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

செம்பியன் விறுவிறுவென்று ஏறினான். மூடிய இலைக் கொத்துக்கு நடுவே அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி சண்முகவடிவு வேலையை மேற்பார்வை பார்த்தார்.

"டீ குடிச்சியா பிள்ள? வட தின்னியா? ஆமா, டிகிரி முடிச்சிட்டு எதுக்கு கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கே?"

"கயிறு புடிக்கிறவங்களுக்கும் மூள வேணும்மா. விட்டா ஆளு போயிருவான்."

"வாயி கிழியுது ஒனக்கு," என்று அவர் மறுபடி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் மணிமொழிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதல் கிளை விழுந்தது.

தொடை கனம் இருந்த கிளை அது. தரை அதிர விழுந்திருக்க வேண்டும். காய்ந்த தென்னை ஓலை மாதிரி 'சரக்'கென்று மட்டும் ஒரு சத்தம். ஓரமாகத் தள்ளப் போன மணிமொழி ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிட்டாள், தூக்கிய பிறகுதான் திக்கென்றது. வெட்டுவாயில் ஈரம் இல்லை. பச்சை மரத்துக்கு ஒரு வாசம் உண்டு, நறுக்கிய வெள்ளரி போல மூக்கில் ஏறும். இதில் வந்தது வேறு வாசம். அடுப்பு அணைத்து, பாத்திரம் எடுத்து, பாயைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் வெளியேறிய பிறகு ஒரு வீட்டில் தங்குமே, அந்தச் சாம்பலும் ஈரத்துணியும் கலந்த வாசம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆற்றோரத்தில் அவர்கள் வீட்டை இடித்த அன்று கடைசியாக உள்ளே போய் வந்தவள் அவள்தான்.

வானம் இன்னும் இறங்கியது. தெருவில் போன ஆட்டோவின் சத்தம் தேய்ந்து மறைந்தபின் வேறு சத்தமே எழவில்லை. ரம்பம் மட்டும் மேலே கறகறத்துக்கொண்டிருந்தது.

கயிறு கனத்தது.

அண்ணனின் எடை அவள் உள்ளங்கைக்கு மனப்பாடம். அவன் காலை மாற்றி வைத்தால் தெரியும், இருமினால் தெரியும். இது அவன் மட்டும் இல்லை. அவன் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது போல, அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, குடத்தில் தண்ணீர் நிறைவது போல எடை கூடியது. அடிமரத்தில் கயிறு அழுந்தி முனகியது. அவள் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

ரம்பம் நின்றது.

"மணி." அண்ணனின் குரல் அடங்கி வந்தது. "கவுத்த நீ இஸ்குறியா?"

"இல்லியே."

"இங்க இன்னொரு ஆள் புட்சிகினு கீற மாதிரி கீது."

"காத்துண்ணா."

"காத்தே இல்ல மணி. நேத்து எங்க போவ சொன்ன?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கோயில் குளத்தாண்ட கீற அரசமரத்துக்கு," என்று கத்தினாள்.

சொல்லி முடிக்கும் முன்பே கயிறு சுண்டியது. இரண்டு முறை. இறுக்கு.

இறுக்கினாள்.

மறுபடி இரண்டு முறை. இறுக்கினாள். மறுபடியும் இரண்டு.

"ஏய், போதும்! இன்னாத்துக்கு இறுக்குற?" மேலே செம்பியன் அலறினான். "மூச்சு முட்டுது. வுடு!"

"நீதானே சுண்டுற!"

"நான் சுண்டல! என் ரெண்டு கையும் கிளைலதான் கீது!"

அவன் சுண்டவில்லை. அப்படியானால் அந்தப் பேச்சு யாருடையது? ஏறிய நேரத்திலிருந்து இவர்கள் கயிற்றில் பேசுவதைப் பக்கத்திலேயே இருந்து கவனித்து, யார் கற்றுக்கொண்டார்கள்?

அடிமரத்துச் சுற்று ஒன்றை அவிழ்த்தாள். இன்னொன்றையும் அவிழ்த்தாள். கயிறு தளரவில்லை. கையை விட்டாள். பிடிக்க ஆளில்லாத கயிறு, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நுனி ஆட, கம்பி போல விறைத்து நின்றது.

இலைகளுக்கு நடுவே செம்பியனின் கால்கள் தெரிந்தன. கிளையில் இல்லை. காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன. பெல்ட் இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறி அவனைக் கவட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏ பிள்ள! என்னாச்சு? ஐயையோ, மாட்டிக்கிட்டானா?" சண்முகவடிவு பதறினார். "இரு, ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடுதேன். பிடிச்சுக்கோப்பா, விட்டுறாத!" போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் பால்கனிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. வந்தது செம்பியனின் வாயிலிருந்துதான்.

"எங்க?"

அவன் குரல் இல்லை. ஆண் குரலா பெண் குரலா என்றே தெரியவில்லை. கோபம் இல்லை அதில். மிரட்டல் இல்லை. வழி கேட்பவர் கேட்பது போலக் கேட்டது.

"எங்க போறது?"

அவள் அம்மா கேட்ட கேள்வி அது. ஆற்றோரத்தில், இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டு, மைக்கில் அறிவித்த ஆளைப் பார்த்து அம்மா இதே போலத்தான் கேட்டாள், கத்தாமல், அழாமல். எல்லாரும் வேற எடம் பாத்துக்குங்க என்று சொன்ன அந்த ஆள், அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனை மணிமொழி இன்றுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அரசமரம்!" என்றாள். "கோயில் அரசமரம்! போ!"

கயிறு இறுகியது.

"பூங்கால ஆலமரம் கீது!"

இறுகியது.

மதிலுக்கு அப்பால் கை நீட்டினாள். "அதோ! அந்த மரம்! உன் மாதிரியே!"

பக்கத்து பங்களா மரம் ஒரு முறை உடம்பை உலுக்கியது. அங்கேயும் ஏற்கெனவே ஆள் இருந்தது.

மேலே எலும்பு நெரியும் சத்தம் கேட்டது. செம்பியனின் ஒரு செருப்பு கழன்று அவள் காலடியில் விழுந்தது. உதைப்பு நின்றுபோய், கால்கள் துவண்டு தொங்கின.

"எங்க?"

கை தானாகப் போனது என்று அவள் பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியாது. எங்கே நீட்டுகிறோம் என்று தெரிந்துதான் நீட்டினாள்.

"வெட்ட சொன்னது அவங்க," என்றாள். "அங்க போ."

கயிறு பொத்தென்று விழுந்தது.

மரம் முழுக்க ஒரே நேரத்தில் இலைகள் விரிந்தன. தூரத்தில் மழை புறப்பட்டு வருவது போல ஒரு சத்தம். செம்பியன் ஒரு கிளை தவறி அடுத்த கிளையைப் பிடித்து, மார்பு தேயச் சறுக்கிக்கொண்டே வந்து மண்ணில் விழுந்தான். உயிர் இருந்தது. மண்டியிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடல் வெளியே வருவது போல இருமினான்.

"போலாம் மணி," என்றான். "ரம்பம், கவுறு, எல்லாத்தயும் வுடு. வா."

இது அவன் குரல்தான்.

மணிமொழியால் நகர முடியவில்லை. அவள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்முகவடிவு அங்கேயேதான் நின்றார். போன் கீழே விழுந்திருந்தது. அதிலிருந்து ஓர் ஆண் குரல், "ஹலோ, அட்ரஸ் சொல்லுங்க, ஹலோ," என்றது. அவர் குனியவில்லை. இரண்டு கைகளும் மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் உயர்ந்து தோள் மட்டத்தில் நின்றன. விரல்கள் ஒவ்வொன்றாக விலகி விரிந்தன.

"அம்மா?"

எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து அவர் முன்கையில் உட்கார்ந்தது. கை இறங்கவில்லை. இன்னொன்று வந்தது. உச்சந்தலையில் உட்கார்ந்து, அலகை இரண்டு பக்கமும் தீட்டிக்கொண்டது.

கேபிள் ஒயர் மேல் ஓர் அணில் ஓடி வந்தது. வாய் நிறையத் தேங்காய் நார். பால்கனிக் கம்பியில் குதித்து, புடவை மடிப்பைப் பிடித்து ஏறி, தோளில் ஒரு நொடி நின்றது. கழுத்தில் ஏறியது.

சண்முகவடிவின் வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை, அது திறந்தது. ஒரு வாய் திறக்கக்கூடிய அளவைத் தாண்டியும்.

அணில் உள்ளே போனது.

நாரை வைத்துவிட்டு வெறும் வாயோடு வெளியே வந்தது. அடுத்த நாருக்காக வந்த வழியே ஓடியது.

கண்கள் மட்டும் இன்னும் அவருடையவை. நீர் கோத்து, இமைக்காமல், மணிமொழியையே பார்த்துக்கொண்டிருந்தன.