உருண்டை என்ன சாப்பிட்டது?

சாப்பாட்டைப் பார்த்து உருண்டை முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். விட்டால் தட்டையே விழுங்கப் பார்க்கும் நாய் அது. அந்த விடுமுறை நாளில் அது சமையலறை மூலையில் சுருண்டு கிடந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. அண்ணன் உப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றலாம் என்று டம்ளரோடு வந்து நின்றான்.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. ஓயாமல் பேசுவதால் வீட்டின் கடைக்குட்டிக்கு வைத்த பெயர் அது. அவள் குனிந்து உருண்டையின் வயிற்றைத் தொட்டாள். அது வலியில் முனகியது.

"உப்புத் தண்ணி வேண்டாம்ணா. முதல்ல டாக்டருக்கு போன் போடலாம்," என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னார். அண்ணன் டம்ளரை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சரி, என்ன சாப்பிட்டுச்சு?"

அதன் சாப்பாடு மட்டும்தான் என்றாள் அம்மா. அண்ணனும் தலையாட்டினான்.

"எங்க வீட்ல தட்டுலேருந்து எடுத்து யாரும் குடுக்க மாட்டாங்க. நான் போட்ட சட்டம்," என்றார் அப்பா.

வாயாடி உருண்டையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் தனக்குப் பிடிக்காத முட்டையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டவள் அவள்தான். சொன்னால் அப்பா திட்டுவார். சொல்லாவிட்டால்? உருண்டையின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நான் என் முட்டையைக் குடுத்தேன்," என்றாள். "வேற யாராவது ஏதாவது குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்."

முதலில் அண்ணன் பிஸ்கட் கொடுத்ததை ஒப்புக்கொண்டான். அம்மா பாலாடை என்று முணுமுணுத்தாள். பேக்கரியில் வேலை பார்க்கும் அப்பா தலையைச் சொறிந்தார்.

"கேக்," என்றார். "ஒரு பெரிய துண்டு."

"என்ன கேக்?" டாக்டரம்மாவின் குரல் மாறியது.

"உலர்ந்த திராட்சை போட்டது."

"திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாதுங்க. சிறுநீரகத்தையே கெடுத்துடும். உடனே தூக்கிட்டு வாங்க."

அப்பா உருண்டையைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு ஓடினார். வாயாடி வாந்தியைக் கொஞ்சம் வழித்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஊறி உப்பிய திராட்சைகள் அதில் தெரிந்தன.

டப்பாவைப் பார்த்ததும் டாக்டரம்மா மளமளவென்று வேலையில் இறங்கினார். ஊசி போட்டார். முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஏற்றினார். உருண்டை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பிழைச்சிடுமா?" என்று கேட்டாள் வாயாடி.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

அப்பா சுவரோரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்ட சட்டத்தை நானே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்பாவைத் திட்ட வாயாடிக்கு ஆசை ஆசையாக வந்தது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

மறுநாளும் ட்ரிப்ஸ் ஓடியது. யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்கு மறுநாள்தான் டாக்டரம்மா சிரித்தார்.

"சிறுநீரகம் தப்பிச்சிடுச்சு. மறைக்காம அப்பவே சொன்னீங்களே, அதான் காப்பாத்த முடிஞ்சுது."

உருண்டை வாயாடியைக் கண்டதும் வாலால் மேசையைத் தட்டியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், உருண்டை ஒவ்வொருவர் மடியிலும் தாடையை வைத்து அண்ணாந்து பார்த்தது. அம்மா கூரையைப் பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். வாயாடி இடது கையால் அதன் தலையைத் தடவிக்கொடுத்தாளே தவிர, ஒரு பருக்கைகூடப் போடவில்லை. அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு சாப்பிட்டார்.