முன்பக்கத்துக் காற்று

கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்தபோது திரை கறுத்தது, பெட்டியின் நீல விளக்கு அவிந்தது, ஆனால் மேசைக்கு அடியிலிருந்து வந்த ஃபேன் சத்தம் மட்டும் உடனே நிற்கவில்லை. ஸ்ஸ்ஸ் என்று இழுத்தது. ஹா என்று விட்டது. இன்னொரு முறை நிதானமாக இழுத்து, விட்டு, அதற்குப் பிறகுதான் அடங்கியது. கரண்ட் நின்றாலும் இறக்கை கொஞ்ச நேரம் சுற்றத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சுற்றுகிற இறக்கையின் சத்தம் ஒரே சீராகத் தேயுமே தவிர இப்படி இழுத்து இழுத்து விடாது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைக்க நேரமும் இல்லை. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கித் தருவது அவள் தொழில். கட்டுமானக் கம்பெனிக்காரர்கள் வெறும் கோடுகளாக அனுப்புவார்கள். அவள் அதில் சுவர் எழுப்பி, தரை பதித்து, ஜன்னல் வழியே வெயிலைக் கொண்டுவந்து சோபாவின் மேல் விழவைப்பாள். அந்த வெயிலைக் கணக்குப் போட்டு வரைய கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் அதன் பிராசஸர் முழுமூச்சாக உழைக்கும், உழைக்க உழைக்கச் சூடேறும். சூடு நூறு டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும். பழைய வீட்டில் அது ஒருநாளும் அணைந்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இப்படி.

"என்ன வாண்டு, மறுபடியும் மயங்கி விழுந்துட்டானா உன் புள்ள?" ஹாலிலிருந்து அண்ணன் கேட்டான். லாரி ஓட்டுகிறவன். வலதுகாலில் பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. அவனால் படியேற முடியாது என்பதற்காகத்தான் அவசர அவசரமாக இந்தத் தரைத்தள வீட்டைப் பிடித்தார்கள். அவன் எழுந்து நடக்கும்வரை வீடு ஓடுவது இவள் படங்களால்.

"ரொம்ப சூடாவுது அண்ணா."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இவ்ளோ பதறல."

"உன்ன நம்பி யாரும் எனக்கு வேலை குடுக்கல."

அவன் சிரித்தது கேட்டது. அவள் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினாள். புழுதி அடைத்திருக்கும் என்று பிரஷ்ஷோடு உட்கார்ந்தவளுக்கு ஏமாற்றம். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் காற்று நுழையும் முன்பக்கக் கம்பிவலை ஈரமாக இருந்தது. கண்ணாடிமேல் வாய் வைத்து ஊதினால் படியுமே, அதுபோல நுண்ணிய துளிகள். வாடையும் இருந்தது. பூஞ்சை வாடை இல்லை, கருகல் இல்லை. விடியற்காலையில் தூங்குகிறவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தால் அடிக்கிற, வெதுவெதுப்பான, பழைய வாடை. மழைக்காலம், ஈரம் எங்கேயும்தான் இருக்கும் என்று துணியால் துடைத்தாள்.

மறுநாள் காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் சின்ன ஃபேனைக் கழற்றி, பிராசஸர்மேல் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டதைக் காட்டினார்.

"இது காஞ்சா பிராசஸர் சூடு மேல இருக்கிற தகட்டுக்குப் போகாதும்மா, உள்ளயே நின்னுரும். தவிர, இந்த ஃபேன் பெட்டியோட சும்மா குடுத்தது. கடிதம் டைப் அடிக்கத்தான் லாயக்கு. உங்க வேலைக்குப் பத்தாது."

"தண்ணி ஓடுற கூலர் போட்டுரலாமா சார்?"

"எதுக்கும்மா? கசிஞ்சுதுன்னா எல்லாம் போச்சு. காத்தே போதும். தகடு பெருசா இருக்கணும், ஃபேன் பெருசா இருக்கணும். பெரிய ஃபேன் மெதுவா சுத்துனாலே நெறைய காத்தத் தள்ளும், சத்தமும் வராது."

அவர் எடுத்துவைத்த கூலர் டிபன் கேரியர் உயரம் இருந்தது. மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக, அவற்றை ஊடுருவிப் போகும் செம்புக் குழாய்கள், இருபுறமும் உள்ளங்கையைவிட அகலமான ஃபேன்கள். பெட்டிக் கதவு மூடுமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். புது பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்தார். பொருத்துவதற்கு முன் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துக் காட்டி, "இத உரிக்காமலே மாட்டிட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டவங்க உண்டு" என்று சிரித்தார்.

அவள் படத்தையே ஓடவிட்டுப் பார்த்தார்கள். டீ குடித்து முடித்தும் சூடு அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. காதை வைத்தால்தான் ஃபேன் சுற்றுவதே தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் கடைக்காரர். "பெட்டியும் நம்மள மாதிரிதாம்மா. முன்னாடி இழுக்குது, பின்னாடி விடுது. முன்பக்கம் நல்ல காத்து வரணும். ஒருத்தர் விட்ட காத்தையே இன்னொருத்தர் இழுத்தா எப்படி இருக்கும்? மூச்சு முட்டும்ல, அதுமாதிரி."

அன்று மாலை பொழுது இருட்டிக்கொண்டு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெட்டியை மேசைக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்து, படத்தை ஓடவிட்டு, அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மழைச் சத்தம், ஹாலில் அண்ணன் பார்க்கும் டிவியின் முணுமுணுப்பு, அடுப்படிக் குழாய் சொட்டுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. புது கூலரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அப்போது மேசைக்கு அடியில் ஸ்ஸ்ஸ் என்று இழுத்தது.

ஹா என்று விட்டது.

பழைய ஃபேன் இப்போது கடைக்காரரின் குப்பைக் கூடையில் கிடக்கிறது. அவள் கண்ணால் பார்த்தாள். திரையின் மூலையில் சூடு எழுபது காட்டியது. எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. தொண்ணூறு. மழைக் குளிரில் கைமுடி சிலிர்த்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் புழுக்கமாக இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"தொண்ணூறா? இருக்கவே இருக்காதும்மா. முன்னாடி சுவர் ஏதும் இடிக்குதா?"

"இல்ல சார். மேசைக்கு அடியில. முன்னாடி காலியாத்தான் இருக்கு."

"அப்ப பேப்பர் ஒண்ணு மெல்லிசா கிழிச்சு, முன்பக்க வலைக்கு நேரா தொங்கவிடுங்க. உள்ள இழுத்து ஒட்டணும்."

அவள் மண்டியிட்டாள். மேசையின் அடிப்பக்கம் அறையைவிட இருட்டாக இருந்தது. பெட்டியின் நீல விளக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் மூலை தெரியவில்லை. காகிதத்தை நீட்டினாள். அது வலையில் ஒட்டியது. அவள் மூச்சு விடுவதற்குள் வலையிலிருந்து பிரிந்து, எதிர்ப்பக்கம் திரும்பி, இருட்டு மூலையைச் சுட்டி நீண்டது. மறுபடி வலையில் ஒட்டியது. மறுபடி மூலைக்கு.

"இழுக்குதாம்மா?"

"இழுக்குது சார்." காகிதம் மறுபடி மூலைக்குத் திரும்பியது. "ரெண்டு பக்கமும் இழுக்குது."

"அதெப்படி? ஃபேன் ஒரு பக்கமாத்தான் சுத்தும். ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க."

பிளக்கைப் பிடுங்கினாள். நீல விளக்கு அவிந்தது. பெட்டி முழுவதும் செத்துக் கிடந்தது.

காகிதம் மூலைக்கு நீண்டது. திரும்பி வந்தது. நீண்டது. திரும்பி வந்தபோது அவள் புறங்கையில் பட்டது, ஈரச் சூடு. அந்த வாடை.

"ஹலோ? அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் பெட்டியை வெளியே இழுத்தாள். எப்படித் தூக்கினாள் என்று தெரியாது. தூக்கி மேசைமேல் ஜன்னல் ஓரம் வைத்தாள். வீட்டைவிட்டு ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஓடினால் அண்ணனை யார் தூக்குவது? எங்கே போவது, இந்த மழையில்? காலையில் அனுப்புவதாகச் சொன்ன படங்கள் போகாவிட்டால் அந்தக் கட்டுமானக் கம்பெனி இனி இவளைக் கூப்பிடாது. இதை அண்ணனிடம் எந்த வாயால் சொல்வது? கம்ப்யூட்டருக்கு எதிரே யாரோ உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள் என்றா?

பிளக்கைச் சொருகினாள். நாற்காலியில் இரு காலையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டாள். படத்தை ஓடவிட்டு, எண்ணையே பார்த்தாள்.

ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்துநான்கு.

அறுபத்துநான்கிலேயே நின்றது.

திரையில் ஆளில்லாத ஒரு வரவேற்பறை கட்டம் கட்டமாகத் தெளிந்து வந்தது. தரையில் வெயில் விழுந்தது. முதல் படம் முடிந்து இரண்டாவது தொடங்கியது. அறுபத்துநான்கு. கொஞ்ச நேரம் கழித்து துணிந்து ஒரு பாதத்தைக் கீழே இறக்கிப் பார்த்தாள். தரை சில்லென்றிருந்தது. மேசைக்கு அடியில் புழுக்கம் இல்லை, வாடை இல்லை, சத்தம் இல்லை. கீழே கிடந்த போனை எடுத்து டார்ச்சை அடித்தாள். வெறும் மூலை. ஒரு காகிதத் துண்டு அசையாமல் கிடந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஹாலில் டிவி அணைந்தது.

"வாண்டு." அண்ணன் குரல் தூக்கக் கலக்கத்தில் குழைந்தது. "அந்தப் பெட்டிய ஏன் இங்க கொண்டாந்து வெச்ச?"

பெட்டி அவள் கண் முன்னால் இருந்தது. அறுபத்துநான்கு.

"எ... என்ன அண்ணா?"

"காலுகிட்ட சூடா காத்து அடிக்குது. பரவால்ல, இருக்கட்டும். குளிருல கட்டுக்குள்ள குத்திட்டே இருந்துது. இப்ப இதமா இருக்கு."

அவள் எழுந்தாள். நாற்காலி சரிந்தது. கதவு வரை போக நான்கு எட்டுதான். மேசையைப் பிடித்தபடி முதல் எட்டை வைத்தாள்.

"அண்ணா, எந்திரி. எப்படியாவது எந்திரிச்சிரு."

"ம்... முட்டிக்கு வந்துருச்சு." அவன் சிரித்தான். "நல்லாத்தான் இருக்கு, வாண்டு. கண்ண சொக்குது."

கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஹாலில் இரவு விளக்கு மட்டும். கூரை ஃபேன் ஓடவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அண்ணன் மல்லாந்து கிடந்தான். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் வெகுநாளாக இல்லாத நிம்மதி.

மாவுக்கட்டு பாதத்திலிருந்து தொடை வரை ஈரத்தில் மினுங்கியது.

கட்டிலைச் சுற்றி யாரும் இல்லை.

ஸ்ஸ்ஸ்.

அவன் நெற்றி முடி எழுந்தது. மேலே, வெற்றிடத்தை நோக்கி, கற்றை கற்றையாக நின்றது.

ஹா.

படிந்தது.

அவள் அவன் நெஞ்சைப் பார்த்தாள். பனியன் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அசையவில்லை. விலா எலும்புகள் உள்வாங்கி, உள்வாங்கியபடியே நின்றிருந்தன. மூக்கின்மேல் துளித்துளியாக ஈரம் படிந்துகொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தாள். உள்ளே இழுக்கக் காற்று இல்லை.

அண்ணனின் நெற்றி முடி எழுந்தது, படிந்தது, எழுந்தது, படிந்தது. வயிறு நிறைந்தவர் தூங்குவதைப்போல, அவசரமே இல்லாமல்.