உள்ளே நின்று கட்டிய சுவர்

சுவரைப் பாதி இடித்ததும் மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். வீட்டுக்காரி டீயை நீட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வாய் ஓயாத மனிதர். எந்தச் சுவரைக் கண்டாலும் நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் நகர மாட்டார் என்று ஆட்கள் அவருக்குத் தூக்குக்குண்டு என்றே பேர் வைத்திருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, புதையலா?" என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. இடிந்த இடத்தின் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

இரண்டு பக்கமும் அடுத்த வீடுகள் ஒட்டிக்கொண்ட, ரயில் பெட்டி மாதிரி நீண்டு ஒடுங்கிய பழைய வீடு அது. முன்னறை, அங்கிருந்து ஒரு நடை, நடை முடிகிற இடத்தில் ஜன்னல் இல்லாத படுக்கையறை. நடையில் பொதுச்சுவரை ஒட்டி, உள்ளங்கை அகலம் மட்டும் இடைவெளி விட்டு, முன்பு யாரோ இன்னொரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அதை எடுத்தால்தான் அவள் கணவரின் சக்கர நாற்காலி உள்ளே போகும்.

"கட்டுறவன் எந்தப் பக்கம் நிக்கிறானோ அந்தப் பக்கம்தாம்மா கலவையை வழிச்சு அழகா விடுவான். மறுபக்கம் கை எட்டாது, பிதுங்கிக்கிட்டு கெடக்கும். இங்க பாருங்க. நம்ம பக்கம் பூச்சுக்கு அடியில பிதுங்கியிருக்கு. இடுக்குப் பக்கம் வழவழன்னு இருக்கு."

"அதுக்கென்ன இப்போ?"

"அந்த இடுக்குல என் கை மட்டுந்தான் நுழையுது. அதுக்குள்ள நின்னு கட்டியிருக்கான்."

அந்தக் காலத்து மேஸ்திரிகள் உங்களைப் போல ஆறு இட்லி சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று அவள் சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும், இதை இப்படியே விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்றாள்.

அவளால் எப்படி முடியும்? பக்கவாதம் வந்ததிலிருந்து கணவர் முன்னறைக் கட்டிலில்தான் கிடந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படிதான் அவருக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது. பஸ் ஓட்டிய மனிதர், நாலு பேரை அதட்டிய மனிதர், அந்த நேரத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு அவரைத் துடைத்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பழைய வீடு என்பதால் முகப்பையும் வாசல் படிகளையும் தொடக் கூடாது, பழைய செங்கல்லைக்கூட வெளியே போடக் கூடாது என்று நகராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எடுத்த செங்கல்லையெல்லாம் முன்னறை மூலையில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

சுவர் போனது. நாற்காலி எங்கும் உரசாமல் உள்ளே போனது. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வார்த்தை 'இல்ல'. பசித்தாலும் இல்ல, வலித்தாலும் இல்ல. அன்று படுக்கையறைக் கதவை அவள் சாத்தியபோது அவர் சொன்ன 'இல்ல'வில் சந்தோஷம் இருந்தது. அவள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூச்சு காயட்டும் என்று ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பூச்சு காய்ந்தது. ஆனால் நடையில் மட்டும் ஈரச் சுண்ணாம்பின் வாடை, புதிதாய்த் தண்ணீர் ஊற்றி நீற்றியது போல மூக்கை அரிக்கும் வாடை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. மேஸ்திரி சுண்ணாம்பே போடவில்லை, வெறும் சிமென்ட்தான். மத்தியானம் அவள் பாத்திரம் கழுவுகிற நேரத்தில், குழாயை நிறுத்தினால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். கொத்துக்கரண்டி கலவையை வழிக்கிற சரட். பிறகு செங்கல்லைத் தட்டி உட்கார வைக்கிற டொக், டொக். பிறகு மறுபடி சரட்.

அடுத்த வீட்டு அக்காவிடம் போய் வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டாள். எங்களுக்கும் கேட்கிறது, உங்கள் ஆட்கள் என்றுதானே நினைத்தோம் என்றார் அந்த அக்கா.

திரும்பி வந்து, எதற்கென்று தெரியாமல், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு உயரத்துக்கு இருந்த செங்கல் அடுக்கு முழங்காலுக்கு வந்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். இந்த வீட்டை வாங்கச் சொன்னவனே அவன்தான். தூக்கம் இல்லாமல் உனக்குத் தலை சுற்றுகிறது, யாராவது திருடுவதானால் பழைய செங்கல்லையா திருடுவான் என்று அவன் கிண்டல் செய்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் கிண்டல் செய்யவில்லை.

"சாரு எங்க படுத்திருக்காரு?"

"உள்ளதான்."

அந்தப் பக்கம் அவர் ஆட்களை வேலையை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு, "அவரை முன்னாடி கொண்டாந்துடுங்க. பொழுது சாய்றதுக்குள்ள ரெண்டு ஆளோட வரேன். படி எறக்கி வெளிய வெச்சுடலாம்," என்றார்.

அவள் படுக்கையறைக்கு ஓடினாள். ஓடும்போது இரண்டு தோளும் நடைச் சுவர்களில் உரசின. அவர் விழித்துக் கிடந்தார். கண் கதவைத் தாண்டி நடையிலேயே நின்றது.

"ஏங்க, இங்க யாராவது இருக்காங்களா?"

அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நெற்றியில் வியர்வை. எத்தனையோ மாதமாக வராத ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து பெயர்த்து எடுப்பது போல எடுத்தார்.

"ஆமா."

அவரை நாற்காலியில் ஏற்றுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. தள்ளினாள். நடையின் வாயிலேயே இரண்டு சக்கரமும் சுவரில் இறுகிக்கொண்டன. காலையில்கூட அழகாய் உள்ளே போன நாற்காலி. பின்னுக்கு இழுத்தாள், வந்தது. முன்னுக்குத் தள்ளினாள், போகவில்லை. இனி அவரைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. அதற்குக் கனமான ஜமுக்காளம் வேண்டும். அது முன்னறையில் இருந்தது.

"இதோ வந்துடுறேன். எங்கயும் போயிடாதீங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் சிரித்த மாதிரி இருந்தது.

பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு நடையைக் கடந்தாள். முன்னறை ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தை உருவினாள். தார்ப்பாய் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது.

திரும்பினாள்.

நடை இல்லை.

நடை இருந்த இடத்தில் சுவர். ஈரமாக. ஓரத்தில் மட்டும், அவள் முகத்துக்கு நேரே, ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. அதற்குள் வெளிச்சம்.

மோதினாள். உள்ளங்கையால் அறைந்தாள். சுவர் அசையவில்லை. வாசலில் யாரோ தட்டினார்கள். மேஸ்திரியின் குரல். "அம்மா, கதவைத் தொறங்க." ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு காலில். முழங்கை வரை சுண்ணாம்பு. இரண்டு கையும் சேர்த்துப் பிடித்த ஒரு செங்கல். கன்னமெல்லாம் நனைந்து வழிந்தது. கண் மட்டும் அவளிடம் கெஞ்சியது, போர்வைக்குள் முகத்தை மூடும் முன் கெஞ்சுமே, அப்படி. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பலகை போலத் தட்டையான ஒரு கை நீண்டு, வேலை பழக்குகிறவர்கள் செய்வது போல, அவர் பிடித்திருந்த செங்கல்லைக் கொஞ்சம் நேராக்கியது.

அவள் ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல்கள் அவர் சட்டையைத் தொட்டன.

"வேணாங்க."

அவர் தலையாட்டினார். அழுதபடியே தலையாட்டினார்.

அவள் கையை எடுக்கவில்லை.

அவர் செங்கல்லை வைத்தார்.