பச்சைக் கொடியில் ஒரு விரல்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியத்தில் சாம்ஃபீராவும் அவள் கணவன் கிரிகோரும் சொரோக்கா நகருக்குப் பக்கத்தில் அந்த ஆற்றங்கரை வீட்டுக்குக் குடிவந்தார்கள். வீட்டை விற்றவள் சாமான்களை அப்படியே விட்டுப் போயிருந்தாள். பரணில் ஒரு சுவர்க் கம்பளம் சுருண்டு கிடந்தது. கறுப்புப் பரப்பில் சிவப்பு ரோஜாக் கொத்துகள், ஓரமெங்கும் பச்சைக் கொடி. இந்த மாதிரிக் கம்பளங்கள் ஒரு காலத்தில் கல்யாணச் சீராக வந்து வீட்டுக்கு வீடு கட்டிலோரச் சுவரில் தொங்கியவை. இப்போது நகரத்துக்காரர்கள் தேடித் தேடி மாட்டுகிறார்கள்.

சாம்ஃபீரா அதைத் தட்டி உலர்த்தி, சின்ன அறையின் கட்டிலை ஒட்டி ஆணியடித்து மாட்டினாள்.

"வீட்டை அருங்காட்சியகமா ஆக்கிட்ட. வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கட்டுமா?" என்றான் கிரிகோர்.

"கிழி. அந்த வேலையாவது ஒழுங்காப் பாரு."

அந்த அறையை அவள் மனசுக்குள் பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்தாள். இரண்டு முறை வயிற்றில் வந்தது. இரண்டு முறையும் தங்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு அங்கே கண்ணயர்ந்தவள், சரசரப்புக் கேட்டு விழித்தாள். ஈரக் கம்பளி வாசனை. அதோடு, சளி கட்டிய பிள்ளைகளின் நெஞ்சில் தேய்க்கும் வாத்துக் கொழுப்பின் வாசனை.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

கம்பளத்தின் பச்சைக் கொடி மேல் நூல் ரோமம் மெல்ல அமுங்கி, மெல்ல எழுந்தது. கொடியின் வளைவு விடாமல் ஊர்ந்தது அந்தப் பள்ளம். ஒரு குழந்தை விரலின் அகலம்.

ரோஜாவுக்கு வந்ததும் நின்றது.

அடைத்த மூக்கின் மூச்சு, மிக அருகில்.

அன்று சாயங்காலமே வீட்டை விற்ற ரோதிகாவுக்குப் போன் செய்தாள். "அக்கா, இந்தக் கம்பளத்துக்குப் பக்கத்துல யார் படுத்திருந்தாங்க?"

"பாவெல்," என்றாள் ரோதிகா. "எம்புள்ள. அந்தக் கொடிய விரலால தடவுனாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்."

சாம்ஃபீரா தான் பார்த்ததைச் சொன்னாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ரோதிகா வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். மதியம் வரை காத்திருந்தார்கள்.

நூல் அசைந்தது.

"வந்துட்டான்," என்றாள் சாம்ஃபீரா.

"எங்க?"

"உங்க தோளுக்குப் பக்கத்துல."

ரோதிகா கம்பளத்தின் மேல் கையை வைத்துத் துழாவினாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நான் இத்தாலிக்குப் போறப்ப அவனுக்கு மூணு வயசு. அங்க யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். இங்க இவன் காய்ச்சல்ல கெடந்திருக்கான். வந்து சேர்றதுக்குள்ள புதைச்சுட்டாங்க." குரல் தாழ்ந்தது. "என்னைக் கேக்குறானாம்மா?"

அவள் கை நெருங்க நெருங்க அந்தச் சின்னப் பள்ளம் பின்வாங்கியது. வேற்றாளைக் கண்ட குழந்தைபோல் மூலைக்குப் போய் ஒடுங்கியது.

"கேக்குறான்," என்றாள் சாம்ஃபீரா.

ரோதிகா முகத்தைக் கம்பளத்தில் புதைத்துக்கொண்டு அழுதாள். கிரிகோர்தான் ஆணிகளைப் பிடுங்கி, கம்பளத்தை அவளிடம் கொடுத்தான். தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் அதைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடியே அவள் பஸ் ஏறினாள்.

அடுத்த மதியம் சாம்ஃபீரா வெறும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுண்ணாம்பில் ஆணி ஓட்டைகள் மட்டும். சரசரப்பு இல்லை, வாசனை இல்லை. தாயோடு போய்விட்டான், நல்லதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணீர் வந்தது.

அவள் முதுகுப் பக்கம் மெத்தை லேசாக அமுங்கியது.

ரவிக்கையின் மேல், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு சின்ன விரல் வளைந்து வளைந்து கோடு இழுக்கத் தொடங்கியது.

காய்ச்சல் மூச்சு கழுத்தில் சுட்டது.

சாம்ஃபீரா திரும்பிப் பார்க்கவில்லை. அவன் விழுந்துவிடாமல் இருக்க, சுவரோடு ஒட்டி இடம் விட்டுப் படுத்தாள்.